டிராமில் ஒரு கூடுதல் குரோமோசோம்

"எனக்கு எதுவும் குறைச்சல் இல்லையாம். ஒண்ணு கூடுதலா இருக்காம்."

கல்கத்தாவில், கரியாஹாட்டில் டிராம் ஏறி என் பின்னால் உட்கார்ந்தவர் மனைவியிடம் தமிழில் உரக்கச் சொன்னார். சுற்றிலும் வங்காளிகள்தானே என்ற தைரியம். நான் திரும்பவில்லை.

"எது கூடுதல்?"

"குரோமோசோம். எல்லாருக்கும் நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்தேழு. பிறவியிலேயே அப்படியாம். அதனாலதான் விந்துல உயிரணு இல்லைன்னார் டாக்டர்."

"உங்களுக்கு எதுதான் அளவா இருந்துச்சு? நீங்க சாம்பார்ல போடுற உப்பே அதுக்கு சாட்சி."

இருவரும் சிரித்தார்கள்.

"இதுக்கு மருந்து இருக்கா?"

"கிடையாதாம்."



"ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் மெயில்ல உங்கம்மா வர்றாங்க. உங்களுக்கு ரெண்டாம் கல்யாணம் பண்ண ஒரு பொண்ணு போட்டோவும் கொண்டு வர்றாங்களாம். மலடின்னு பேர் வாங்கினது நான்தானே."

"ஹௌரா ஸ்டேஷன்லயே சொல்லிடுறேன். குறை என்கிட்டதான்னு."

"பிளாட்பாரத்திலயா? மெட்ராஸ் மெயிலுக்கு வர்றவங்க பாதிப் பேர் நம்ம காலனிக்காரங்க. எல்லார் காதுலயும் விழும்."

"விழட்டுமே. அம்மா போன தடவை அங்கேயே உன்னை மலடின்னு ஏசினப்போ அந்தக் காலனிக்காரங்கதானே கேட்டுக்கிட்டு நின்னாங்க."

அவர் மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, லேக் மார்க்கெட்ல இறங்கலாம். அத்தைக்கு நல்ல காபிப்பொடி வாங்கணும். வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க. பாவம், ரெண்டு நாள் ரயில்ல வர்றவங்க."