சுகந்தனின் ஜெனரேற்றர்

பகல் பன்னிரண்டரை மணி. உப்புவெளியில் பெரிய றோட்டை விட்டுக் கடல் பக்கம் இறங்குகிற ஒரு மணல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் ஆளில்லாத காணிகள்... ஒரு நாய்கூட இல்லை.

ஏன் முனாப் சிரிக்கிறாய்? பேய் என்றால் இரவு வேலை மட்டும்தான் பார்க்குமா? உச்சி வெயிலுக்கும் ஒரு பயம் இருக்கிறது. கிட்ட வந்து இரு. அந்த லைட்டையும் கொஞ்சம் குறை.

இது நம்முடைய நிக்கலஸின் மச்சான் அஞ்சலோவுக்கு நடந்தது. போன பங்குனியில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர் திருத்துகிறவன். குடிக்க மாட்டான். பொய் சொல்லவும் வராது. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற வாய் மட்டும் அவனுக்கு உண்டு.

சுதர்ஷிகா என்று ஒரு பெண் அவனைக் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய புருஷன் சுகந்தன் ஒரு பழைய சின்ன பஸ்ஸை வீடாக மாற்றியிருந்தான். உள்ளே கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் இருந்தன. வெளிநாட்டுச் சனத்துக்கு வாடகைக்கு விடுகிற எண்ணம். பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதற்குள் ஜெனரேற்றர். சுகந்தன் செத்து இரண்டு வருசத்துக்கு மேல். பஸ்ஸை வாங்க ஒரு ஆள் வருகிறானாம், ஜெனரேற்றர் ஓடினால்தான் எடுப்பானாம்.

பஸ் வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்றது. டயர்கள் பாதி மணலுக்குள். மூன்று வருசமாக யாரும் அசைக்கவில்லை.

அஞ்சலோ சின்னக் கதவைத் திறந்துவிட்டு ஸ்பானர் சாவிகளை எடுக்கக் குனிந்தான். கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக... டிக். திரும்பத் திறந்தான். திரும்ப... டிக். ஒரு ஓலைகூட ஆடவில்லை என்கிறான். மூன்றாம் தரம் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினான்.

இரண்டு திருகாணியைக் கழற்றி மிசினைத் தட்டோடு வெளியே இழுத்தான். பழைய பெற்றோலை வடித்தான். காபரேற்றரைக் கழுவினான். பிளக்கைத் துடைத்து, தன்னுடைய பற்றரியைக் கொடுத்து முடுக்கினான். ஓடியது. நாலு நிமிசம்... ஒரு இருமல். நின்றுவிட்டது. ஒயில் இல்லை என்று காட்டுகிற சிவப்பு லைட் எரிந்தது.

ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தான். ஒயில் நிறைய இருந்தது. தேன் நிறம். ஊற்றிக் கனநேரம் ஓடாத ஒயில்.

அப்போதுதான் எட்டி நின்று பஸ்ஸைப் பார்த்தான். கடல் பக்கம் நன்றாகச் சரிந்து நின்றது. பலகை போட்டு ஜக்கால் உயர்த்தி மட்டமாக்கினான். பிறகு மிசின் அரை மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. விசயம் இவ்வளவுதான். சரிவில் நின்றால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒயில் இல்லை என்று நினைத்து மிசின் தானாக நின்றுவிடும்.

மிசினை நிறுத்திவிட்டுச் சந்தோசமாகக் குசினி வாசலுக்குப் போனான்.

“தங்கச்சி, மிசின்ல ஒரு பழுதுமில்லை. ஒயிலும் நிறைய இருக்கு. உங்கட அவர் ஊத்தித்தான் வச்சிருக்கிறார்.”

அவள் கையிலிருந்த கோப்பையை மெதுவாக வைத்தாள்.

“ஒயில் இருக்க ஏலாது, அண்ணை.”

கரண்ட் இல்லாமல் நாடே இருண்டு கிடந்த அந்த வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள். நெஞ்சு பலவீனம். ஒக்சிசன் மிசின் ஓட வேண்டும். கரண்ட் போனால் பிள்ளையைப் பஸ்ஸில் கிடத்தி, இந்த ஜெனரேற்றரில் ஓட்டினார்கள். ஒரு விடியற்காலை அது நின்றுவிட்டது. நாட்கணக்கில் நித்திரை முழித்த தாயும் தகப்பனும் அயர்ந்துபோனார்கள். கண் விழித்தபோது சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது... பிள்ளைக்கு மூச்சு இல்லை.

“கேட்டனான். ஒயில் ஊத்தினீங்களோ எண்டு. மறந்திட்டன் எண்டு சொன்னவர். தலையைக் குனிஞ்சுகொண்டு... அந்த ஒரு சொல்லுத்தான். அதுக்குப் பிறகு அவரோட நான் கதைக்கேல்லை. பத்து மாசத்தில நெஞ்சு நோவெண்டு செத்தவர். பெட்டிக்குள்ளயும் முகம் பாக்கேல்லை.”

அஞ்சலோவுக்கு நெஞ்சு கொதித்தது. பாவம், செய்யாத பிழைக்குச் செத்தும் பழி சுமக்கிறானே மனிசன். “வாங்கோ தங்கச்சி, உங்கட கண்ணால பாருங்கோ” என்று முன்னால் நடந்தான்.

அவள் பின்னால் கதைத்துக்கொண்டு வந்தாள். “அண்டைக்கு ஒரே வெக்கை. பஸ் முத்தத்திலயே நிக்கட்டும் எண்டவர். நான்தான் இந்தக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னனான், பிள்ளைக்குக் கொஞ்சம் கடல் காத்துப் படட்டும் எண்டு.”

அதைக் காதில் வாங்கினானே தவிர, அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. குனிந்து கம்பியை இழுத்தான்.

காய்ந்து கிடந்தது.

துடைத்துவிட்டுத் திரும்ப விட்டு இழுத்தான். ஒரு பொட்டு ஒயில் இல்லை. மணலில் ஒழுகின அடையாளமும் இல்லை. ஆனால் சூடான ஒயில் மணம்... முகத்துக்கு நேரே, ஆள் மூச்சு விடுகிற தூரத்தில்.

“நான் சொன்னனான்தானே” என்றாள் அவள்.

அஞ்சலோ வாயைத் திறந்தான். இல்லை தங்கச்சி, பஸ் நிண்ட சரிவுதான்... என்று சொல்ல. அந்த நேரம் அவனுடைய வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. குளிர்ந்த கை. ஒயில் வழுக்குகிற கை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. சுகந்தன் ஒன்றும் மறக்கவில்லை. அன்றைக்கே அவனுக்குச் சரிவு விளங்கியிருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தச் சொன்னது யார் என்றும் தெரியும்.

பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத அஞ்சலோ தொண்டையைச் செருமினான். “ஓம் தங்கச்சி... ஒயில் இல்லை. நான்தான் பிழையாப் பார்த்திட்டன்.”

“அந்த மனிசனை நான் செத்தாலும் மன்னிக்க மாட்டன், அண்ணை.” முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பின்னேரம் நிக்கலஸ் அவனுடைய கையைக் கண்டிருக்கிறான். மணிக்கட்டில் நாலு விரல் அடையாளம், கறுப்பாக. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. எனக்கு இதைச் சொல்ல வரும்போது பயத்தைவிட அழுகைதான் வருகிறது.

“இறுக்கிப் பிடிச்சதோடா?” என்று நிக்கலஸ் கேட்டானாம்.

“இல்லை மச்சான். கெஞ்சிற ஆள் பிடிக்கிற மாதிரி. அவ உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்துமட்டும் விடேல்லை. பிறகு விட்டது. விட முன்னம்... என்ர கையை ஒருக்காத் தடவினது.”