குழாய்ச் சத்தம்

— கேப்டன், மவுஸ்லேர்ந்து கையை எடுங்க.

— எடுக்க மாட்டேன், டாக்டரம்மா. அந்த லெட்டரை அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க, எடுக்கறேன்.

— இது என் ரூம், என் கம்ப்யூட்டர். இன்னைக்கு நீங்க இங்கே டெக்னீஷியன் இல்லை, பேஷன்ட். வெளியில போய் உட்காருங்க.

— இருபத்திரண்டு வருஷமா இந்த ரூமுக்குள்ள கதவைத் தட்டாம வர்ற ஒரே ஆள் நான்தான். இன்னைக்கு மட்டும் என்ன புதுசா? "துறைத் தலைவர் அவர்களுக்கு... பத்து மாதங்களுக்கு முன் நான் அளித்த ஸ்கேன் ரிப்போர்ட் தவறானது... முழுப் பொறுப்பும் என்னுடையது..." அட, இதென்ன! தூக்கு மேடைக்குப் போற கைதி எழுதினாப்பல இருக்கு.

— படிக்காதீங்க.

— இவ்வளவு பெரிய எழுத்துல அடிச்சு வெச்சா கண்ணு போகத்தானே செய்யும்?

— ஒரு நிமிஷம். உங்க ஸ்கேன்ல என்ன இருக்குன்னு யார் சொன்னா உங்களுக்கு?

— யாரும் சொல்லலை. மெஷின்லேர்ந்து இறங்கினேன். கண்ணாடிக்குப் பின்னாடி நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுங்க மூணு பேர். மூணு பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சு அவங்கவங்க ஷூவைப் பார்த்தாங்க. நான் எத்தனை பேஷன்ட்டுக்கு அப்படி என் ஷூவைப் பார்த்திருக்கேன்! தெரியாதா எனக்கு?

— முதல்ல உட்காருங்க, கேப்டன்.

— காட்டுங்க, டாக்டரம்மா. ரெண்டு ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. பழசு இடது, புதுசு வலது.

— வேண்டாம், கேப்டன்.

— மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க. ம், இப்போ போடுங்க.

— மைக்ல கத்தற அதே குரல். இதனாலதான் உங்களுக்குக் கேப்டன்னு பேரே வந்துச்சு... சரி. போட்டுட்டேன். இடது பக்கம் பத்து மாசத்துக்கு முன்னாடி எடுத்தது. ப்ராஸ்டேட்டை ஆபரேஷன் பண்ணி எடுத்து மூணு வருஷம் பூஜ்யமாவே கிடந்த பி.எஸ்.ஏ., அந்தக் கேன்சரைக் காட்டிக் கொடுக்கற அளவு, திடீர்னு ரத்தத்துல ஏற ஆரம்பிச்சுது. கேன்சர் திரும்பி வந்திருக்கான்னு ஸ்கேன் எடுத்தோம். நான்தான் பார்த்தேன். "எங்கேயும் இல்லை"ன்னு கையெழுத்துப் போட்டேன்.

— வலது?

— இன்னைக்குக் காலையில எடுத்தது. இடுப்புக்குள்ள ரெண்டு நெறிக்கட்டி. முதுகெலும்புல ஒண்ணு. விலாவுல ஒண்ணு.

— விலாவைத் தள்ளிடுங்க. ஸ்கேன்ல புள்ளியை மின்ன வைக்க இன்னைக்கு எனக்கு ஊசியில போட்டது புது மருந்து. அது விலாவுல சும்மாவே மின்னும். "புது மருந்து விலாவுல பொய் சொல்லும், கேப்டன்"னு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!

— தள்ளிட்டேன். முதுகெலும்பு?

— ...அது பொய் சொல்லலை.

— சொல்லலை. அப்புறம் இது. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, ஆபரேஷன்ல தைச்ச இடம். இருக்கறதுலயே பெரிய புள்ளி. இங்கேதான் ஆரம்பிச்சிருக்கு. இப்போ பழைய ஸ்கேன்ல அதே இடத்தைப் பாருங்க.

— அங்கே சிறுநீர்ப்பைதான் தெரியுது. பல்பு மாதிரி எரியுது.

— ஆமா. பழைய மருந்து சிறுநீர்லதான் வெளியேறும். பை நிறைஞ்சிருந்தா, அந்த வெளிச்சத்துல பக்கத்துல இருக்கற சின்னப் புள்ளி காணாமப் போயிடும். புது மருந்து பெரும்பாலும் ஈரல் வழியாப் போறது. பை இருட்டா இருக்கு, புள்ளி பளிச்சுனு தெரியுது. ஒரு மணி நேரமா அந்தப் பழைய படத்தை வெளிச்சத்தைக் குறைச்சுக் குறைச்சுப் பார்க்கறேன். இதோ, பை விளிம்புல ஒரு முனை துருத்திக்கிட்டு நிக்குது பாருங்க. அன்னைக்கே இருந்திருக்கு. நான் கோட்டை விட்டுட்டேன்.

— அரிசி அளவுகூட இல்லை. இதை யாரால பார்க்க முடியும்?

— என் வேலையே அதுதானே? அன்னைக்கு அது அங்கே மட்டும்தான் இருந்திருக்கு. அந்த ஒரு இடத்துக்கு ஏழு வாரம் கதிர்வீச்சு கொடுத்திருந்தா முடிஞ்சே போயிருக்கலாம். இப்போ கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். முழுசாக் குணப்படுத்தறதுக்கு இருந்த பத்து மாசத்தை நான் தின்னுட்டேன், கேப்டன்.

— கண்ணைத் துடைங்க. நீங்களே இப்படி உட்கார்ந்தா நான் எந்த மைக்ல போய்க் கத்தறது?

— அன்னைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துடலாம்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு. "அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்தாச்சே, அந்த டமடம சத்தத்துக்குள்ள எதுக்குப் போய்ப் படுக்கணும்"னு சிரிச்சேன்.

— நான் விட்டிருக்கக் கூடாது. மூணு மாசத்துல மறுபடி ரத்தம் பாருங்கன்னேன், வரலை. உங்க மனைவிக்கு, நம்ம அக்காவுக்கு, முடியலைன்னு நீங்க ஓடற ஓட்டத்தைப் பார்த்துட்டு நானும் வாயை மூடிக்கிட்டேன்.

— சரி, பேசியாச்சு, அழுதாச்சு. லெட்டரை அழிங்க.

— ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு புரியலை.

— எதுவும் புரிய வேண்டாம். அழிங்க.

— இந்தப் பை ஏன் இவ்வளவு நிறைஞ்சிருக்கு? அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட அரை லிட்டர். பாத்ரூம் போகாமப் படுத்த ஆளோட பை இது. ஒவ்வொரு பேஷன்ட்டையும் கதவு வரைக்கும் துரத்தறவர் நீங்க. "ஒரு சொட்டு மிச்சம் வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும், இன்னொரு தடவை போங்க"ன்னு. அன்னைக்கு உங்களை அனுப்ப வேண்டியது சிஸ்டர். அனுப்பலையா அவங்க?

— அனுப்பினாங்க.

— குறிப்புல "போய் வந்தார்"னுதான் எழுதியிருக்காங்க. அப்போ பொய் எழுதியிருக்காங்க. சரி, லெட்டர்ல அதையும் சேர்க்கறேன்.

— ஐயோ, அவங்களை இழுக்காதீங்க! அவங்க வாசல்லயே நின்னாங்க. உள்ளே தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. அவங்க வேற என்ன எழுதுவாங்க?

— என்ன தண்ணிச் சத்தம்?

— விடுங்க, டாக்டரம்மா.

— கேப்டன். என்ன தண்ணிச் சத்தம்?

— குழாய்.

— எந்தக் குழாய்?

— கை கழுவற குழாய். அதைத் திறந்து விட்டுட்டு ரெண்டு நிமிஷம் சுவரைப் பார்த்து நின்னேன். மூடினேன். வெளியில வந்து "ஆச்சு, சிஸ்டர்"னேன். அதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிருந்தேன். டேபிள்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

— வேணும்னேவா?

— பி.எஸ்.ஏ. ஏறினப்பவே எனக்குத் தெரியும், டாக்டரம்மா. வந்தா தைச்ச இடத்துலதான் முதல்ல வரும், பை நிறைஞ்சா அது மறைஞ்சுக்கும். இருபத்திரண்டு வருஷமா அந்தப் புள்ளியைத் துரத்தறவனுக்கு, அதை எங்கே ஒளிச்சு வைக்கணும்னு தெரியாதா? உங்க கண்ணு மேல தப்பே இல்லை. நான்தான் உங்க கண்ணைக் கட்டினேன்.

— பைத்தியமா உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— சொன்னா? ஏழு வாரம், தினம் கதிர். அவளுக்குத் தெரியாம எப்படிப் போறது?

— அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன?

— அவளுக்கு ரெண்டு கிட்னியும் போய், வீட்லயே டயாலிசிஸ். வயித்துல ஒரு டியூப். நாளுக்கு நாலு தடவை ஒரு மருந்துப் பையை மாட்டி உள்ளே விடணும், பழசை வெளியில எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் டியூப் வாயை மூட ஒரு புது மூடி. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், தனித்தனி உறையில வரும். காலையில எழுந்ததும் நாலு உறையிலயும் பேனாவால தேதி எழுதி வரிசையா வைப்பா. ஒண்ணுகூடத் தவறக் கூடாதுன்னு. அவ்வளவு கறார். மூணு வேளை நான் மாட்டுவேன். மதியம் நான் இங்கே டியூட்டி. லீவு நாள்லயும் அந்த வேளையை அவளே மாட்டிக்குவா.

— தெரியும், கேப்டன். அதுக்கும் இதுக்கும்...

— எனக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சொன்னா: "இன்னொரு தடவை உங்களுக்கு இது வந்துச்சுன்னா நான் பையை நிறுத்திடுவேன். ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும். நான் கிடக்கற வரைக்கும் நீங்க உங்க உடம்பைப் பார்க்க மாட்டீங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அவ சிரிச்சுக்கிட்டுச் சொன்ன எதையும் செய்யாம விட்டதே இல்லை.

— அதனாலதான் "எங்கேயும் இல்லை"ன்னு என் கையெழுத்து வேணும்னு...

— ஆமா. அதைக் கொண்டு போய் அவ கையில கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு மூணு தடவை படிச்சா.

— நம்பினாங்களா?

— "ரொம்ப நல்லதாப் போச்சு"ன்னா. மடிச்சு வெச்சா. அப்புறம், "அதென்ன, செருப்பைக்கூடக் கழட்டாம அப்படி ஒரு ஓட்டம் பாத்ரூமுக்கு?"ன்னு கேட்டா. இங்கே போயிருந்தா சிஸ்டருக்குச் சந்தேகம் வரும்னு வீடு வரைக்கும் அடக்கிக்கிட்டுப் போயிருந்தேன். "வழியில ரெண்டு டீ குடிச்சுட்டேன்"னேன். "ஓ"ன்னா. அதோட சரி.

— அக்கா போய் மூணு வாரம்கூட முழுசா ஆகலை... கிட்னி டாக்டர் இன்னும் மூணு நாலு வருஷம் தாங்குவாங்கன்னு சொன்னாரே?

— சொன்னார். ஆனா மாசா மாசம் ரிப்போர்ட் கெட்டுக்கிட்டே வந்துச்சு. ஏன்னு அவருக்கும் புரியலை, எனக்கும் புரியலை. நான் மாட்டின பை ஒண்ணுகூட மணி தவறினதில்லை.

— சரி... இனி மறைக்க வேண்டிய ஆள் இல்லை. அதான் இன்னைக்கு ஸ்கேனுக்கு வந்தீங்களா?

— இல்லை. வர்றதாவே இல்லை. எனக்கும் போதும்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை அவ புடவைகளை எடுத்து மடிச்சு வைக்கலாம்னு அலமாரியைத் திறந்தேன். அடியில ஒரு பிஸ்கட் டப்பா. கலகலன்னு சத்தம். திறந்து பார்த்தா...

— என்ன?

— மூடி. பிரிக்காத மூடி, உறையோட. இருநூத்து எண்பத்து மூணு. தினம் மதியம் பையை அப்படியே தொட்டியில கொட்டியிருக்கா. மூடியை மட்டும் தூக்கிப் போட மனசு வரலை போல. எதையும் வீணாக்க மாட்டா, மகராசி.

— ஐயோ... கேப்டன்... அவங்களுக்கு முடியாமப் போயிருக்கலாம். மறந்திருக்கலாம். நீங்க பண்ணது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

— நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! இருபத்திரண்டு வருஷமா சாப்பிட உட்கார்ந்தா அவகிட்ட எனக்கு வேற என்ன கதை? "இன்னைக்கு ஒருத்தன் பாத்ரூம் போகாமப் படுத்து புள்ளியை ஒளிச்சுட்டான்டி"ன்னு எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கேன்! லெட்டரை அழிச்சுடுங்க, டாக்டரம்மா. அந்தப் பழைய ஸ்கேனால போன உயிர் என்னுது இல்லை.

— அது உங்க நினைப்பு. அக்கா என்னைக்குலேர்ந்து நிறுத்தினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— டப்பாவைக் கட்டில் மேல கவிழ்த்தேன். அடியில கிடந்த முதல் உறையில அவ கையெழுத்துல தேதி போட்டிருக்கு. என் ஸ்கேனுக்கு மறுநாள்.