நிலவறையில் உறங்குபவை

திராட்சை பறித்து முடிந்ததும் பிரான்சின் எங்கள் பர்கண்டிக் குன்றுகள், திருப்பலி முடிந்து ஆள் நீங்கிய கோயிலைப் போல ஆகிவிடும், ஐயா. பறித்தவர்களின் பாட்டு ஓய்ந்திருக்கும். கொடியின் இலை பொன்னாகிப் பின் செம்பாகி, காற்றுக்குக் காத்திராமலே உதிரும். உள்ளதெல்லாம் கொடுத்துவிட்ட நிலத்தின் துயரம் அது. அந்தப் பருவத்தில் எனக்குக் கோபம் வருவதே இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலவறை என் தந்தை தொடங்கி நான் நிறைத்தது. ஒரே மலைச்சரிவின் திராட்சரசம், ஆண்டு ஆண்டாக, அடுக்கடுக்காக. போருக்கு முந்தியவையும் உண்டு. பிழிந்த கைகள் மண்ணாகிவிட்டன. அந்த ஆண்டுகளின் வெயில் மட்டும் புட்டிகளுக்குள் உறங்குகிறது. எனக்கு மனைவி மக்கள் இல்லை. கிளோதில் என்றொரு தங்கை இருந்தாள். அவளை உயிராக நேசித்தேன்.

அவள் மகள் சபீனுக்குத் திருமணம் நிச்சயமானது. பழைய புட்டிகளை விருந்தில் திறக்க வேண்டும் என்றாள் தங்கை.

"அது குடிக்கிறதுக்கு இல்லம்மா."

"பின்ன என்னண்ணா, ஞானஸ்நானம் குடுக்கவா? நம்ம வீட்டுக் கல்யாணங்களுக்குன்னுதான் அப்பா சேத்தாரு. நீ பொண்ணு கட்டாம பாட்டிலைக் கட்டிக்கிட்டே. சபீன் என்ன பாவம் பண்ணா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இதோட ருசி தெரியாது."

"தெரியாட்டி என்ன, சிரிப்பாங்கல்ல? சிரிக்கிற வாய்க்குத்தாண்ணா கொடி காய்க்குது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மேலே திராட்சை நொதிக்கும் தொட்டிகளிலிருந்து வரும் நச்சுக்காற்று கனமானது. பள்ளம் தேடி நிலவறையில் தேங்கும். ஆகவே இந்தப் பருவத்தில் மெழுகுதிரியை முழங்கால் உயரத்தில் பிடித்தபடியே இறங்குவோம். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். அந்தக் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் உண்டு. ஆனால் அப்போதுதான் மேலேறி வந்தவர் காற்று சுத்தம் என்று சொன்னால், அடுத்தவர் திரியின்றி இறங்குவார். அந்தச் சொல்லை ஐயுறுவது எங்களிடையே பெரும் அவமதிப்பு.

விருந்துக்குப் புட்டி எடுக்க வருவதாக அவள் சொன்ன நாளில், முற்பகலிலேயே விசிறியை நிறுத்திவிட்டேன். அவள் வந்தபோது நிலவறை வாசலில் நின்றிருந்தேன்.

"காத்து சுத்தமா இருக்கும்மா. இப்பதான் ஏறி வந்தேன்."

என் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

காத்திருந்தேன். பிறகு விசிறியைச் சுழலவிட்டு, திரியோடு இறங்கினேன். படிகளின் அடியில் கிடந்தாள். இரண்டு புட்டிகளை மார்போடு அணைத்திருந்தாள். விழும்போதும் கைகளை ஊன்றவில்லை. முழங்கைகள் கல்லில் மோதிச் சிதைந்திருந்தன. புட்டிகளில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசியில் என் தங்கை என்னைப் புரிந்துகொண்டாள், ஐயா. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பிளக்கிறது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அப்போது மூச்சு இருந்ததா என்று கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. புட்டிகள் வெகுநேரம் நிமிர்ந்திருக்கலாகாது; தக்கை காய்ந்துவிடும். அவற்றை முதலில் அவற்றின் இடத்தில் கிடத்தினேன்.

உதவிக்குக் குரல் கொடுக்குமுன், அடுக்கின் எதிரே மண்டியிட்டேன். சிலுவை அடையாளம் வரைந்து, இறந்தோருக்கான செபத்தை ஒரு சொல் விடாமல் சொன்னேன். பின்பு எழுந்து, அந்த இரண்டு புட்டிகளின் குளிர்ந்த கழுத்துகளின்மேலும் கை வைத்தேன்.

"ஆண்டவர் உங்களைக் காப்பாராக, என் கண்களே. இனி யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள்."