டெலிவரி ஓஸ்

கம்பம் ஊரில் நல்ல ரப்பர் ஓஸ் வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வருவார்கள், ஐயா. பெருமைக்காகச் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சுகிற பக்கத்துக்கு சக்ஷன் ஓஸ் என்று ஒன்று. கனமாக, விறைப்பாக இருக்கும். மோட்டாரிலிருந்து தோட்டத்துக்குத் தள்ளுகிற பக்கத்துக்கு டெலிவரி ஓஸ். அதற்கு விறைப்பு வேண்டாம், உள்ளே ஓடுகிற தண்ணீரே அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். மாற்றிப் போட்டால், உறிஞ்சும்போது அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். ஜான் பீட்டர் அதை மறந்துபோனது என் குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னிடமும் ஒரு வண்டி உண்டு. கோயம்புத்தூரில் கொடுத்துக் கூரையை வெட்டி, சிவப்பு அடித்துக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதுதான். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் கேட்பார்கள். நானே ஓட்டுவேன், வாடகை வாங்கியதில்லை. பின்னால் மாப்பிள்ளை நின்றுகொண்டு ஊரைக் கும்பிடுவான். கும்பிடு அவனுக்குத்தான். ஆனால் முன்னால் இருப்பவனைப் பார்க்காமல் யாரும் மாப்பிள்ளையைப் பார்க்க முடியாதல்லவா. ஊரில் அதைத் 'தக்காளிப் பெட்டி' என்பார்கள். பாசத்தில் வைத்த பெயர்.

பொறாமை என்பது என் குணத்திலேயே கிடையாது. ஜான் பீட்டர் ஜப்பானிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பியபோது முதல் சால்வை போர்த்தியவன் நான். கொச்சி வழியாக அவன் வண்டி வந்து இறங்கியபோதும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வண்டி, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதில் பிஸ்டனே கிடையாதாம். முட்டை வடிவச் சட்டிக்குள் சமோசா மாதிரி ஒரு முக்கோணம் சுற்றுமாம். அந்த வாரம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் சமோசா வாங்கியவர்கள்கூட அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார்கள். என் வண்டிக்குள் என்ன சுற்றுகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தன் கேட்டதில்லை.

அவன் வண்டியின் மூடியைத் திறந்தால் என்ஜின் தெரியாது, ஓஸ்தான் தெரியும். என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இரண்டு. முதலில் ஒன்று வேலை செய்யும், வேகம் ஏறியதும் மற்றது சேர்ந்துகொள்ளும். எது எப்போது என்று சொல்லத் தம்மாத்தூண்டு வால்வுகள்; அவற்றை ஆட்டுவிக்க, என்ஜின் உறிஞ்சுகிற காற்றில் இயங்கும் ஓஸ்கள். எல்லாம் பழைய ரப்பர், வெடித்துப்போயிருந்தது.

"எல்லாத்தையும் சிம்பிள் பண்ணப் போறேண்ணே," என்றான் ஜான் பீட்டர். "ரெண்டு டர்போவும் ஒண்ணாவே ஓடட்டும். பாதி ஓச உருவிப்புட்டு ஓட்டைய அடைச்சிருவேன். மிச்சத்துக்குப் புது ஓஸ் நீங்கதான் தரணும்."

"ஜப்பான்காரன் வண்டிக்கு எங்கிட்ட ஏதுப்பா ஓஸ்?"

"உங்க கடையில இல்லாத ஓஸ் எந்த ஊருல இருக்கு?"

இதைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் உண்மையிலேயே பிரியம் வந்தது. அது அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

சாயங்காலம் என் தங்கை மகாலட்சுமி, மகன் வேல்பாண்டியோடு வந்தாள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு மாமன் வண்டி என்பது பேசவே தேவையில்லாத விஷயம். அதைத்தான் பேச வந்திருந்தார்கள்.

"பொண்ணு வீட்டுக்காரக அந்த வெள்ள வண்டியக் கேக்குறாகண்ணே," என்றாள். "இவனும் ஆசப்படுறான்."

"கோவிச்சுக்கிறாதீக மாமா," என்று வேல்பாண்டி சிரித்தான். "தக்காளிப் பெட்டியில வந்தா மாப்பிள்ள சந்தைக்குப் போறான்னு பயலுக கேலி பண்ணுவாய்ங்க."

"அப்ப நான் எதுல வர்றது?"

"அதுலயே பின்னாடி வாங்க மாமா. சீர் தட்டு ஏத்த ஒரு வண்டி வேணும்ல."

நான் சிரித்தேன். "ஆகட்டும்ப்பா, அதுக்கென்ன," என்றேன். அன்று அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், என் முகம் மாறவே இல்லை.

மறுநாள் ஓஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன ஓஸ்கள் எல்லாம் முதல் தரம். அந்த வேலையில் நீங்கள் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு துண்டுதான் வேறு. என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகிற தடித்த ஓஸ். பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கு ஒத்தாசை செய்வது அந்த ஓஸ் வழியாக வரும் உறிஞ்சல்தான். அது நின்றால் பெடல் கல்லாகிவிடும். இதை எனக்கு விளக்கியதே ஜான் பீட்டர்தான். "இதையும் கையோட மாத்திருவோம்ணே," என்றான். டெலிவரி ஓஸில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு.

அவன் விரலால் அமுக்கிப் பார்த்தான். "தாங்குமாண்ணே?"

"தாங்கும்."

இதில் பொய் இல்லை, ஐயா. சூடேறும்வரை தாங்கும்.

வண்டி ஊரைச் சுற்றி வந்தது. பிரேக் நன்றாகப் பிடித்தது. ஜான் பீட்டர் என்னைக் கட்டிப்பிடித்தான். செல்போனில் வீடியோ எடுத்து, "இது நம்ம தங்கப்பாண்டியன் அண்ணே ஓஸ்" என்று உலகத்துக்கே சொன்னான். அந்த நேரத்தில் அந்தத் துண்டைக் கழற்றிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் என் பெயரைச் சொல்லும்போது அவன் வண்டியைத்தான் காட்டினான், என்னைக் காட்டவில்லை.

நான் நினைத்தது சின்ன விஷயம். ஊர்வலத்தில் ஊர்ந்து ஊர்ந்து வண்டி சூடாகும், பந்தக்காலில் லேசாக இடித்து நிற்கும், மாப்பிள்ளை இறங்கிப் பின்னால் நடந்துவந்து என் வண்டியில் ஏறுவான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேல்பாண்டி கடைக்கு வந்தான். கம்பம்மெட்டில் போட்டோ எடுக்கப் போகிறார்களாம், பெண்ணும் வருகிறாளாம்.

"பீட்டர் அண்ணே சாவியக் குடுத்துட்டாக மாமா. நானே ஓட்டப் போறேன்."

மலை ஏறி முடிப்பதற்குள் என்ஜின் எவ்வளவு சூடாகும் என்று எனக்குத் தெரியும். இறங்குகிற வழியில் வளைவுகள் எப்படி என்றும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"உங்க வண்டியையும் குடுங்க மாமா. கூரை இல்லேல, போட்டோக்காரக அதுல நின்னுக்கிட்டு எங்க வண்டிய எடுக்கத் தோதா இருக்கும்."

வாயை மூடிக்கொண்டேன். சாவியை எடுத்துக் கொடுத்தேன். "பாத்துப் போப்பா," என்றும் சொன்னேன். அப்படி நான் சொன்னதை இதுவரை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

இறங்கும்போது முந்தானை காற்றில் பறக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்று கல்யாணப் பெண் சுபாஸ்ரீயை என் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் அந்தப் பிள்ளை பிழைத்தது. என் வண்டியால் ஓர் உயிர் தப்பியிருக்கிறது. அதையும் யாரும் பேசக் காணோம். வேல்பாண்டி வெள்ளை வண்டியில் தனியாக வந்தான். கீழே சமவெளி தெரிகிற வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்விட்டது.

நீங்கள் மேஜைமேல் வைத்திருப்பது என் கடை ஓஸ்தான். நடுவில் சப்பையாக ஒட்டியிருக்கிறது பாருங்கள், அப்படித்தான் ஆகும். தெரிந்தேதான் கொடுத்தேன். மலைக்குப் போகிறான் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஓர் உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. மத்தியானம் உடலைக் கொடுத்துவிடுவார்களாம். தாய்மாமன் கோடி போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். ஒரு போலீஸ்காரரை என்னோடு அனுப்புங்கள், துணியைப் போட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறேன். நான் போகத் தாமதமானால், அங்கே தலையில் அடித்துக்கொண்டு அழுகிற அந்த ஜான் பீட்டரைக் கோடி போர்த்தச் சொல்லிவிடுவார்கள்.