மொட்டை மாடியில் எடுத்த படம்

— …அதை விடுங்க. பேச்சை மாத்தாதீங்க. படம் எங்க?

— பையில துண்டு ரெண்டு போதுமா? மூணு வைக்கவா?

— துண்டு எத்தனை வேணா வைங்க. நான் கேட்டது படம். மொட்டை மாடியில என்னை உக்கார வச்சு எடுத்தீங்களே, அந்த ஃபிலிம் ரோல்.

— வரும்.

— எப்ப வரும்? அத்தனை ஊசியும் போட்டு முடிச்சாச்சு. நாளைக்கு அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன். அதுக்கப்புறம் வந்து யாரு பாக்க?

— இப்படிப் பேசுறதா இருந்தா நான் எழுந்து போயிடுவேன்.

— எங்க போவீங்க, இருக்கிறதே ரெண்டு ரூம். உக்காருங்க. முட்டி வலிக்குதுன்னு காலையில இருந்து முனகிட்டே இருக்கீங்க.

— உனக்குக் கால் பிடிச்சு விடவா?

— வேண்டாம். பிடிச்சு விடுறேன்னு ஆரம்பிச்சு நீங்க தூங்கிடுவீங்க. படம் என்னாச்சு?

— ஸ்டுடியோல மெஷின் ரிப்பேர்.

— போன தடவை கேட்டப்போ ஸ்டுடியோக்காரருக்குக் காய்ச்சல்னீங்க.

— காய்ச்சல் விட்டுடுச்சு. இப்ப மெஷின் படுத்துடுச்சு.

— பாவம், மாத்தி மாத்திப் படுக்குறாங்க. நேத்து ஆஸ்பத்திரியில அவர் சம்சாரத்தைப் பாத்தேன். "ரோல் கழுவிக் கொடுத்து ரொம்ப நாளாச்சே, உங்க வீட்டுக்காரர் காட்டலையா"ன்னு கேட்டா.

— அவளுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?

— ப்ரஷர் பாக்க வந்தா. அதுவா இப்ப முக்கியம்?

— சரி. ரோல் வந்துச்சு. படம் சரியா வரல.

— ஏன் வரல?

— லென்ஸுதான். எந்தக் காலத்து டெலி லென்ஸ்… உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு.

— மூத்தவளுக்கா? பூஞ்சையா?

— அதை மூத்தவன்னு சொல்லாதன்னு எத்தனை தடவை…

— எனக்கு முன்னாடி உங்க வாழ்க்கையில வந்தவ மூத்தவதானே. முழங்கை நீளத்துக்குப் பித்தளையும் கண்ணாடியுமா, தூக்கினா கை விட்டுப் போகுது. அவளை இடுப்புல வச்சுக்காத குறைதான். என் மாத்திரை டப்பாவுல ஈரம் இழுக்குற குட்டிப் பொட்டலம் ஒண்ணு வருதே, அதை ஒண்ணு விடாம பொறுக்கி அவ பெட்டியிலதானே போடுறீங்க? மாத்திரை எனக்கு, பொட்டலம் அவளுக்கு. அவளுக்கா பூஞ்சை பிடிக்கும்?

— லேசாதான். ஃபோகஸும் தப்பிடுச்சு போல…

— அன்னிக்கு என்ன பெருமை அடிச்சீங்க? கேமரா ஜன்னல்ல நான் ரெண்டா தெரியறேன், வளையத்தைத் திருப்பித் திருப்பி என்னை ஒண்ணாக்கிட்டேன்னு.

— ஆமா. அந்தக் கேமராவுல அப்படித்தான். ரெண்டு உருவம் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காரணும்.

— ஒருத்தியை வச்சுக்கிட்டே இந்த முழி முழிக்கிறீங்களே, ரெண்டு பேரானா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்.

— நீ சிரிச்ச.

— சிரிச்சேன். அதைத்தான் கேக்குறேன். அந்தச் சிரிப்பு எங்க?

— …இன்னொரு தரம் எடுத்துடலாம். வீட்டுக்கு வந்ததும்.

— எதை வச்சு எடுப்பீங்க? என் தலையைத் தடவிப் பாருங்க. அன்னிக்குப் பின்னல் இருந்துச்சு. புருவம் இருந்துச்சு. முதல் ஊசிக்கு முன்னாடி எடுத்துடுங்கன்னு அதுக்குத்தானே சொன்னேன்.

— புருவம் திரும்ப முளைக்குமாம். டாக்டர் சொன்னார்.

— பெரியக்கா செத்தப்போ என்ன ஆச்சு? தனியா ஒரு நல்ல படம் இல்லன்னு யாரோட கல்யாண ஆல்பத்துல இருந்தோ வெட்டி, பெருசு பண்ணி மாட்டினாங்க. தோள் மேல யாரோ ஒருத்தர் கை. ஆள் கிடையாது, கை மட்டும். வந்தவங்க எல்லாம் அக்காவை விட்டுட்டுக் கையைப் பாத்துட்டுப் போனாங்க.

— மோதிரம் வேற.

— மோதிரம் வேற. அது யாரு கைன்னு அத்தான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கார். அந்தக் கதி எனக்கு வேண்டாம்னுதான் கேட்டேன். நீங்களும் சரின்னீங்க. கிட்ட வந்தா நீ விறைச்சுக்குவ, தூரத்துல இருந்து எடுத்தாத்தான் முகம் முகமா இருக்கும்னு மூத்தவளைத் தூக்கிட்டு மாடிக்கு வந்தீங்க. ஒரு ரோல் முழுக்க எடுத்தீங்க. நடுவுல நான் கீழ போய்த் துணி கூட மாத்திட்டு வந்தேன், மூச்சு வாங்க. அத்தனையில ஒண்ணு கூடவா தேறல?

— ஒண்ணு கூட இல்ல.

— பூஞ்சைன்னா மங்கலா வரும். ஃபோகஸ் தப்பினா கலங்கலா வரும். உங்க கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுல எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒண்ணுமே வராம எப்படிப் போகும்? …என்னைப் பாருங்க. சுவத்தைப் பாக்காதீங்க.

— மூடி.

— என்ன மூடி?

— லென்ஸ் மூடியைக் கழட்டல.

— மூடியோடவா எடுத்தீங்க?

— இது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. நாம கண்ணு வைக்கிற ஜன்னல் தனி, படம் பிடிக்கிற லென்ஸ் தனி. லென்ஸ் மூடியிருந்தாலும் ஜன்னல்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியும். தெரியுதேன்னு அழுத்திட்டே போனேன். கழுவிப் பாத்தா வெளிச்சமே படாம மொத்த ரோலும் வெறும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

— மறந்துட்டீங்க.

— மறந்துட்டேன்.

— ஊர்ல இருக்கிற அத்தனை கல்யாணத்தையும் எடுத்தீங்க, ஒரு தடவை மறந்ததில்ல. கேமரா கைக்கு வந்தா மூடி பாக்கெட்டுக்குப் போயிடும். உங்க சட்டையைத் துவைக்க எடுத்தா உள்ள மூடி இருக்கான்னு பாத்துட்டுத்தானே நான் தண்ணியிலயே போடுறது.

— வயசாகுது.

— ஆகுது. மறந்தீங்களா?

— அதான் சொன்னேனே.

— இன்னொரு தடவை கேக்குறேன். என்னை உள்ள அனுப்புறப்போ ஒரு பொய்யோட அனுப்பாதீங்க. எனக்கும் அலுத்துப் போச்சுங்க.

— …முதல்ல நிஜமாவே மறந்துட்டேன். சத்தியமா. ரெண்டு மூணு அழுத்தின பிறகு, வளையத்தைத் திருப்புறப்போ விரல் மூடியில பட்டுச்சு. நீ அப்பத்தான் அந்த ரெண்டு பொண்டாட்டிப் பேச்சைப் பேசிட்டுச் சிரிச்சுட்டு இருந்த.

— கழட்ட வேண்டியதுதானே?

— கை போச்சு…

— போய்?

— ஜன்னல்ல நீ தபால்தலை அளவுதான் தெரிஞ்ச. ஆனா நல்லா இருந்த. மூடியைக் கழட்டிட்டு ஒண்ணு அழுத்தினா, அது சுவத்துல மாட்டுற படம். அதை என் கையால நானே எடுத்து வைக்கணுமான்னு இருந்துச்சு. எடுத்துட்டா உன்னை அனுப்பி வைக்க நான் தயாராயிட்ட மாதிரி… பயமா இருந்துச்சு. மூடியை விட்டுட்டு ரோல் முடியுற வரைக்கும் அழுத்தினேன். நீ பாவம், ஒவ்வொண்ணுக்கும் ஒழுங்கா உக்காந்த.

— அப்புறம் எதுக்கு ஸ்டுடியோவுக்குக் கொடுத்தீங்க?

— நீதான் வாசல்ல நின்னு இன்னிக்கே கொடுத்துட்டு வாங்கன்னு துரத்துன.

— துரத்தினேன்.

— உன்னை முட்டாளாக்கிட்டேன். ஒரு படம் கேட்ட, அதைக் கூட…

— அழாதீங்க. அந்தத் துண்டுல மூக்கைத் துடைக்காதீங்க, அது ஆஸ்பத்திரிக்கு.

— இப்ப என்ன பண்றது? போனது போனதுதானே.

— உங்க வாயால வரட்டும்னுதான் இத்தனை நாளா படம் எங்க, படம் எங்கன்னு உங்களைப் பிடுங்கிட்டு இருந்தேன்.

— உனக்குத் தெரியுமா?

— என்னங்க நீங்க… கேமராவுக்குப் பின்னாடி நின்னது நீங்க. முன்னாடி உக்காந்திருந்தது நான். முதல் படத்துக்கே பாத்துட்டேன், கறுப்பா வட்டமா மூடியிருந்ததை.

— முதல் படத்துக்கேயா? அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— கேட்டது நான்தான், ஆனா உக்காந்ததும் எனக்கும் பயமாயிடுச்சு. சொன்னா கழட்டியிருப்பீங்க.