எந்தப் புள்ளி, டீச்சர்?

தலைமை தாங்கி, தளராமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! அலுவலை விட்டு ஓடிவந்த அப்பாக்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையரே! அனைவருக்கும் ஒரு லாரி ஓட்டுநரின் அன்பு வணக்கம்.

கடைசி வரிசையில் யார் அது சிரிப்பது? என் தங்கை மகள்தான். கொஞ்சம் பொறு கண்ணு, மாமா இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பிரம்பு மீண்டும் வகுப்புக்குள் வரவேண்டுமா, வேண்டாமா? இதுதான் இன்றைய கூட்டத்தில் நாம் வாக்களிக்கப்போகும் கேள்வி. எனக்கு முன்னால் பேசிய மளிகைக்கடை அண்ணன், "அடி வாங்கித்தான் நாமெல்லாம் ஆளானோம்" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அண்ணன் அழகாகப் பேசுவார். ஆனால் அண்ணே, அடி வாங்கியதால் ஆளானோமா, அடி வாங்கியும் ஆளானோமா?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் நாம் என்ன சொல்வோம்? அதோ, அந்த அக்காவே சொல்லிவிட்டார்! "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க!" என் தங்கையும் அதைத்தான் சொன்னாள். தையற்கடைக்காரி அவள். துணியை வெட்டுமுன் மறுபடி மறுபடி அளப்பவள், பிள்ளையை மட்டும் அளந்து பார்க்காமல் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? எழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை! கரும்பலகையில் 'பள்ளிக்கூடம்' என்று இருந்தால் இவள் 'பளளிககூடம' என்று எழுதுவாள். 'அம்மா' இவள் கையில் 'அமமா' ஆவாள். விடுபட்ட புள்ளிக்கெல்லாம் உள்ளங்கையில் அடி. அடித்ததால் வந்ததா? கை சிவந்தது, புள்ளி வரவில்லை! காய்ச்சல் வந்தது, புள்ளி வரவில்லை! கடைசியில் என் தங்கைக்கே சலிப்பு வந்தது. "இவளுக்குப் படிப்பு ஏறலைண்ணே. பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு, கடையில பட்டன் தைக்க உட்கார வைக்கப் போறேன்" என்றாள். கொஞ்ச நாள் பொறும்மா என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பிரம்பைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வகுப்பாசிரியைக்குக் கோபம். இதோ முன்வரிசையில் இருக்கிறார். "எல்லாத்தையும் சொல்லுங்க, மறைக்காதீங்க" என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். அடிக்க முடியாது, வேறென்ன செய்வது? வேறு வழியில்லாமல் கடைசி பெஞ்சில் அவள் அருகே போய் உட்கார்ந்தார். பலகையைக் காட்டி, "ஏம்மா, அந்தப் புள்ளிய மட்டும் ஏன் வைக்க மாட்டேங்குற?" என்று கேட்டார்.

பிள்ளை திருதிருவென விழித்தாள். "எந்தப் புள்ளி, டீச்சர்?"

சபையோரே! அங்கிருந்து அவளுக்கு எழுத்தே மங்கல். புள்ளி தெரியவே தெரியாது. புத்தகத்தில்தான் புள்ளி உண்டு, பலகையில் கிடையாது என்று நினைத்திருக்கிறாள்! "பலகையில உள்ளபடி எழுது" என்றுதானே சொன்னோம்? உள்ளபடி எழுதினாள், உதை வாங்கினாள்!

கண்ணை மட்டும் விடச் சொன்னோம். அதை மட்டும் ஒரேயடியாக விட்டுவிட்டோம்! லாரி ஓட்டும் எனக்குக் கண் சோதனை உண்டு. பாடம் படிக்கும் பிள்ளைக்கு இல்லை!

கண்ணாடி வந்தது. மாட்டியதும் தெருவில் நின்று கத்தினாள்: "அம்மா, நம்ம கடை போர்டுலகூடப் புள்ளி இருக்கும்மா!" என் தங்கை கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். பட்டன் பேச்சு அன்றோடு போனது. அப்பாடா என்று அன்று நான் விட்ட மூச்சு இன்னும் முடியவில்லை ஐயா!

என்ன தம்பி கேட்கிறீர்கள்? எல்லா வாலுக்கும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. ஆனால் எதனால் என்று கேட்டால்தானே தெரியும்? பிரம்பு கையில் இருந்தவரை அந்த டீச்சருக்குக் கேட்கத் தோன்றவில்லையே!

மறுபடியும் சிரிப்பா? என்னம்மா, எனக்குப் பின்னால் பார்க்கவா? அடடா! தலைமையாசிரியர் ஆசையாய் எழுதவைத்த பதாகையைப் பாருங்கள்: 'பிரம்பும் ஒழுககமும்'. 'க்'குப் புள்ளி இல்லை! இத்தனை பெரியவர்கள் இவ்வளவு நேரம் பார்த்தோம்; கடைசி வரிசையிலிருந்து அவளல்லவா கண்டாள்! சொல்லுங்கள் ஐயா, இப்போது யார் கையை நீட்டுவது?

தலைமையாசிரியரே சிரித்துவிட்டார். இதோ, டீச்சர் எழுந்து தம் பேனாவை நீட்டுகிறார். "வாம்மா, நீயே வந்து வை" என்கிறார். வழி விடுங்கள், வருகிறாள்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி, வணக்கம். வாக்களிக்கக் கை தூக்கும் நேரம் இது. பிள்ளைமேல் ஓங்காத கைகளாக அவை உயரட்டும். அவள் அங்கே புள்ளி வைக்கட்டும். நான் இங்கே முற்றுப்புள்ளி வைக்கிறேன்.