நகல் முடியும்வரை

அக்கா, நீ கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் உடையாமல் வந்து சேர்ந்தது. அம்மாவிடம் சொல்லிவிடு. தட்டச்சு செய்ய விரல் ஓடவில்லை, போனில் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிரில் அண்ணன் எப்படி இறந்தார் என்று கேட்டிருந்தாய். கிள்ளான் பக்கம் மேருவில் நான் வேலை பார்க்கும் மீன் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குபவர். வந்த புதிதில் என்னைப் பசியில்லாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். "என்னாலா ஊர்க்காரா, மிஷினையே கட்டிக்கப் போறியா?" என்று கிண்டல் செய்வார்.

கிடங்கின் கதவுகளைத் திறந்து மூடுவது ஒரு சர்வர் கம்ப்யூட்டர். அது என் பொறுப்பு. போன முறை அது செத்து நின்றபோது, நான் எதையோ மாற்றியதால்தான் என்றார் முதலாளி. இல்லையென்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இன்னொரு முறை நடந்தால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். இனி சர்வர் செத்தால், கடைசி நொடியில் அதன் நினைவகத்தில் இருந்தது அழியாது. கெர்னல் என்கிற சின்ன அவசர புரோகிராம் ஒன்று விழித்து அதை அப்படியே டிஸ்கில் நகலெடுக்கும். தவறு யாருடையது என்று அதில் தெரிந்துவிடும். நகல் முடியும்வரை கதவுகள் இயங்காது. நடுவில் ரீஸ்டார்ட் செய்தால் கதவுகள் இயங்கும், ஆனால் நகல் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அது மறுபடி செத்தது. கிடங்கிலிருந்து சூப்பர்வைசர் ஷாமினி என் அறைக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஃப்ரீசர் கதவு திறக்கல. சிரில் அண்ணே உள்ள மாட்டிக்கிட்டாரு. சீக்கிரம் ரீஸ்டார்ட் பண்ணுலா."

"பண்ணிட்டேன்க்கா. எழுந்துக்க நேரம் எடுக்குது."

நகல் அப்போது பாதிகூட ஆகவில்லை. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து கிடந்தது எனக்குத் தெரியும். ஒரு பெட்டி எடுக்கத்தான் போயிருப்பார், கோட் போட்டிருக்க மாட்டார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாமினி மறுபடி அழைத்தார், அதே பதிலைச் சொன்னேன். கம்பியால் கதவை நெம்பும் சத்தம் போனில் கேட்டது. நூறு ஆனதும் சர்வர் தானாக எழுந்தது. கதவு திறந்தது.

கிள்ளான் தேவாலயத்தில் அவர் மனைவி ஜோஆன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எவ்வளவோ முயற்சி பண்ணினதா ஷாமினி சொன்னா, தம்பி." நானும் அழுதேன், அக்கா. நடிப்பில்லை.

நகலைப் பரிசோதித்தார்கள். பழுது கதவு சாஃப்ட்வேரில்தான். பெர்மிட்டைப் புதுப்பித்துவிட்டார்கள், நீ வீணாகக் கவலைப்படாதே. எல்லாம் முழுதாகப் பதிந்திருக்கிறது. அதில் என் தவறு ஒன்றுமே இல்லை.